தகடூர் நாட்டில் டப்பா தேடுதல்: தொடக்க நிலையினர்க்கு ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

யாரோ ஒருவர் ஓரிடத்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைக்கிறார். ஒளித்த கையோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் இணையத்தில் ஊரறியச் சொல்லிவிடுகிறார். முன்பின் தெரியாத இன்னொருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து, டப்பாவைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். பரிசு கிடையாது, பயணப்படி கிடையாது. ஜியோகேச்சிங் என்னும் இவ்விளையாட்டுக்காக உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. மனித குலத்தின் ஓய்வு நேரம் பற்றி இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதைத் தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் தொடங்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆய்வு எல்லை: வடக்கே மாரண்டஅள்ளி, தெற்கே தொப்பூர் கணவாய், கிழக்கே தீர்த்தமலை, மேற்கே ஒகேனக்கல். இவ்வெல்லைக்குள் வரும் ஆய்வாளரின் மாமியார் ஊர் மட்டும் நடுநிலை கருதி விலக்கப்பட்டுள்ளது.

2. தோற்றம் பற்றிய இரு கொள்கைகள்

மேலை நாட்டார் கொள்கையை முதலில் பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து விட்டுவந்தது. புளியமரத்தைக் கேட்டால் 100 மீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளையார் கோயிலைக் காட்டும். அதிபர் கிளின்டன் காலத்தில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மே 2 அன்று உலகத்தின் ஜி.பி.எஸ். கருவிகளெல்லாம் ஒரே இரவில் உண்மை பேசத் தொடங்கின. மறுநாளே, ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, இருப்பிட எண்ணை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், ஒளிநாடா, கொஞ்சம் காசு, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். சில நாட்களுக்குள் ஆள் வந்து எடுத்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கினார். அதை நடத்தும் நிறுவனம் சியாட்டிலில் இருக்கிறது.

இன்னும் பின்னே போகிறவர்கள் 1854-ஐக் காட்டுவார்கள். இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு குப்பியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வருபவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுப் போகச் செய்தார்.

நம் கொள்கை இதற்கெல்லாம் மூத்தது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவில் இருந்த நெல்லிக்கனியைக் கொண்டுவந்து ஔவைக்குக் கொடுத்தான் என்பதற்குப் புறநானூற்றின் 91-ஆம் பாட்டு சான்று. இவ்விளையாட்டில் ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடல் கடினம், வழிக் கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை இரு மதிப்பெண்கள் உண்டு. மேற்படி மலைப்பிளவுக்கு வழிக் கடினம் ஐந்து போடுவதில் எந்த அறிஞருக்கும் தயக்கம் இருக்க முடியாது. பொருளை எடுப்பவர் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. கனியை எடுத்துக்கொண்ட ஔவை அதற்கு ஈடாக ஒரு பாட்டை வைத்தார். ஆக அந்தப் பாட்டே பதிவேடு. உலகத்து டப்பாக்காரர்களெல்லாம் மழையில் பதிவேடு நனைந்துவிட்டது என்று புலம்புகையில், இந்தப் பதிவு மட்டும் ஓலையில் கரையானுக்கும் தப்பி வந்திருக்கிறது. 1894-இல் உ.வே.சாமிநாதையர் அதை அச்சேற்றியதை டப்பாப் பராமரிப்புப் பணி என்றே கொள்ள வேண்டும்.

டப்பாவில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது இன்றைய விதி, எறும்பும் எலியும் வரும், ஆகவே நெல்லிக்கனி செல்லாது என ஒருசாரார் வாதிடக்கூடும். உல்மரின் பீன்ஸ் டின்னை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

3. எண்ணிலிருந்து இடத்துக்கு

தொடக்கக்காரர் செய்ய வேண்டியவை சொற்பம். செல்போனில் செயலியை இறக்கி, இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, கடினம் ஒன்று என்று குறிக்கப்பட்ட டப்பாவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியாகத் தேடிப் போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது முக்கியம். மூன்று பேர் வரிசையாகக் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் நான்காவதாகப் போய் நிரூபிக்க ஒன்றுமில்லை. இந்தியாவில் டப்பாக்கள் குறைவு என்பதால் முதல் தேடலைப் பெங்களூருப் பயணத்தோடு சேர்த்துக்கொள்வது செலவைக் குறைக்கும். இணையதளத்தில் குறிப்பைச் சங்கேதத்தில் எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளிப் படித்தால் விளங்கிவிடும்.

ஆனால் ஓரிடத்தில் படித்தவர்களே சறுக்குகிறார்கள். இந்த விளையாட்டில் இருப்பிடத்தைப் பாகையும் கலையுமாக எழுதுவது மரபு. கலையைத்தான் மூன்று தசம இடம் வரை நீட்டுவார்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீட்டருக்குள்தான் நகரும். வடக்கு 12° 07.600', கிழக்கு 78° 09.500' என்றால் அது தருமபுரி நகர்ப் பக்கம். இதையே ஒருவர் அவசரத்தில் 12.07600, 78.09500 என்று தசமப் பாகையாக வரைபடத்தில் தட்டினால், ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தென்மேற்கே போய் நிற்பார். ஒரு பாகைக்கு 60 கலை, 100 அல்ல; இவ்வளவுதான் சங்கதி. அங்கும் ஒரு புளியமரம் இருக்கும். அதிலும் பொந்து இருக்கும். மாலை வரை தேடுவார்.

எண் சரியாகவே இருந்தாலும் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் குறைந்தது நான்காவது தெரிந்தால்தான் கருவி இடம் சொல்லும். ஒகேனக்கல்லில் பரிசல் போகும் பாறை இடுக்குகளில் வானமே ஒரு கீற்றுதான். அங்கே சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் அம்புக்குறி ஆற்றுக்குள் இறங்கச் சொல்லும். இறங்க வேண்டாம். எங்கேயானாலும் பத்து மீட்டர் நெருங்கியதும் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, ‘நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்’ என்று கண்ணால் தேடுவதே முறை. பொந்துக்குள் கையை விடுமுன் குச்சியை விட வேண்டும். கண்ணாடி விரியனுக்கு இவ்விளையாட்டின் விதிகள் தெரியாது.

4. பத்து ரூபாய்ச் சிக்கல்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் புதையலுக்கு விரிந்த வரையறை தருகிறது. மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புடைய எதுவும் புதையல். மண்ணோடு பிணைந்த ஒன்றில் மறைந்திருந்தாலும் புதையல். அது பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாக இருந்தால், கண்டெடுத்தவர் என்ன பொருள், என்ன மதிப்பு, எங்கே, என்றைக்கு என்ற விவரங்களோடு கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

டப்பாவை மண்ணில் புதைக்கக் கூடாது என்று சியாட்டில் விதித்திருப்பதால் தப்பித்தோம் என்று நினைக்கலாம். ‘மண்ணோடு பிணைந்த ஒன்று’ என்பதில் புளியமரமும் கல்சுவரும் அடங்கிவிடுகின்றனவே! ஆக, மரப்பொந்து டப்பாவில் இருபது ரூபாய் சாவிக்கொத்து ஒன்று இருந்தால், சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்க வேண்டியவர். முன்னால் முதியோர் உதவித்தொகை, பின்னால் பட்டா மாறுதல், நடுவில் இவர். இதைத் தவிர்க்க, டப்பாவுக்குள் வைக்கும் பொருளின் விலை பத்து ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறோம். கோலிக்குண்டு, பம்பரம், பழைய பஸ் டிக்கெட் ஆகியன பாதுகாப்பானவை.

5. கள ஆய்வு: “எந்தூருங்க நீங்க?”

இவ்விளையாட்டின் நூல்கள் அனைத்தும் ஒரு விதியில் ஒத்துப்போகின்றன: விளையாட்டை அறியாத பொதுமக்கள் கண்ணில் படாமல் தேட வேண்டும். ஓரிகன் காட்டுக்கு எழுதப்பட்ட விதி இது. தருமபுரி மாவட்டத்தில் மனிதக் கண் படாத இடம் என்று ஒன்று இருப்பதாக ஆய்வாளர் கருதவில்லை. வத்தல்மலை உச்சியில் நின்று செல்போனைப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ ஒருவர் தோன்றி, “யாரு வேணும்?” என்பார்.

அந்தக் கேள்வியை வெறும் வம்பு என்று ஒதுக்குவது ஆய்வு நேர்மையாகாது. அதற்கு வரலாறு உண்டு. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் தருமபுரி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வந்து, 1799 வரை வயல் வயலாக அளந்து குடியானவன் ஒவ்வொருவனுக்கும் தீர்வை கட்டினார்கள். பிற்பாடு சென்னை மாகாணம் முழுதும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி. கையில் கருவியோடு வந்த முதல் அந்நியர்கள் போனபின் வந்தது கிஸ்தி. அதன் பிறகு வந்தவர்களும் இந்தப் பாடத்தை மாற்றவில்லை. கெயில் எரிவாயுக் குழாய்க்கு அளந்தார்கள். 2018-இல் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கென்று அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அளந்து கல் நட்டார்கள். அந்தச் சாலை நெடுகப் பல இடங்களில் நட்ட கல்லை விவசாயிகள் பிடுங்கிப் போட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டிய சான்றுகளின் அடிப்படையில் எழுவதுதான் “எந்தூருங்க நீங்க?” ஆய்வாளர்களில் பலருக்கு இவ்வளவு தரவு வாய்ப்பதில்லை.

எனவே வரப்பில் நின்று திரையைப் பார்ப்பவரை ஊர் உடனே வகைப்படுத்திவிடுகிறது. சர்வேயராக இருக்கலாம். பிளாட் போட இடம் பார்க்கும் புரோக்கராக இருக்கலாம். உள்ளங்கையில் தேங்காய் இருந்தால் போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்கிறவர். இவருக்கு மட்டும் மோர் கிடைக்கும். பென்னாகரம், பாப்பாரப்பட்டிப் பக்கம் நான்காவது வகை ஒன்றும் உண்டு. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் காட்டில் பணத்தைப் புதைத்து வைத்திருந்தார் என்ற பேச்சு அவரோடு போகவில்லை. அந்தப் பக்கம் மரத்தடியில் குனிந்து துழாவுகிறவர், தான் தேடுவது ஒரு பிளாஸ்டிக் டப்பா என்று சத்தியம் செய்தாலும் பயனில்லை. (அங்கே காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், யானையும் உண்டு. டப்பாவை ஊர்ப்புறத்திலேயே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.)

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கருத்தளவில் சோதித்துப் பார்த்தோம்.

“ஒரு டப்பா தேடறேங்க.”

“டப்பாவா? உள்ள என்னா இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்க. ஒரு நோட்டு. அதுல பேரு எழுதணும்.”

“எழுதுனா?”

“அவ்ளோதாங்க.”

“எத்தினி ரூவா குடுப்பாங்க?”

இக்கேள்விக்குச் சியாட்டிலிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஊர் தானே ஒரு பதிலைப் போட்டுக்கொள்ளும். கால் மணி நேரத்தில் ஏழு பேர் கூடித் தேடுவார்கள். டப்பா கிடைப்பது உறுதி, விளையாட்டு முடிந்துபோவதும் உறுதி. ஆகவே தொடக்கக்காரர்க்கு எங்கள் பரிந்துரை இது: கருவிக்கு முன்னால் ஓர் உள்ளூர்ச் சினேகிதர் தேவை. அவர் இன்னார் மருமகன், இன்னார் பேரன் என்று சொல்லிவிட்டால் விசாரணை அந்தக் குடும்பத்தின் நலம் பற்றியதாக மாறிவிடும். நீங்கள் நிம்மதியாகத் தேடலாம்.

6. டப்பாவின் வாழ்நாளும் இடமாற்றமும்

அமெரிக்கர்கள் ராணுவத் தோட்டாப் பெட்டியை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நக்சலைட் வேட்டையை நேரில் பார்த்த மாவட்டத்தில் அது கூடவே கூடாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மழைக்குத் தாங்கும், பழைய இரும்புக்காரருக்குத் தாங்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலை எந்த வீடும் விடாது. பழைய பிலிம் சுருள் டப்பா, மூடி இறுகிய சுண்ணாம்பு டப்பா இவையே நிலைக்கும். மேலே ‘விளையாட்டுப் பொருள், ஆபத்தில்லை’ என்று தமிழில் எழுதி ஒட்டுவது அவசியம்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் டப்பா இடத்தில் இராது. பெரும்பாலும் அங்கே ஆடு மேய்க்கும் அம்மாவிடம் இருக்கும். “மழையில நனையுதேன்னு நாந்தான் எடுத்தாந்து வெச்சேன் கண்ணு” என்று வீட்டு மாடத்திலிருந்து எடுத்துத் தருவார். பதிவேடு காய்ந்திருக்கும். எழுதப் பேனாவும் கொடுப்பார். பழைய இடத்துக்கும் மாடத்துக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் இருக்கலாம். இரு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் வேண்டும் என்ற விதிக்கு இதனால் பங்கமில்லை. இதைத் திருட்டு என்று கொள்வதா, பராமரிப்பு என்று கொள்வதா என்பதில் சியாட்டிலுக்கும் பென்னாகரத்துக்கும் கருத்து வேறுபாடு எழலாம். இவ்வாய்வு பென்னாகரத்தின் பக்கம். புதிய இருப்பிட எண்ணாக அந்த வீட்டுத் திண்ணையையே பதிவுசெய்து, வழிக் கடினம் ஒன்று, தேடல் கடினம் ஒன்று, காபி குடிக்காமல் கிளம்பும் கடினம் ஐந்து என்று குறிக்கலாம்.