குட்டி யானைக்கு அங்குசம், பென்ஸுக்குச் சலாம்

பி.ஒய். 01 என்ற புதுச்சேரி நம்பர் பிளேட்டுக்கு இரண்டு வகை மரியாதை உண்டு. ஒரு கோடி ரூபாய் காரில் மாட்டினால் ஒன்று, செகண்ட் ஹேண்ட் குட்டி யானையில், அதாவது டாடா ஏஸ் சரக்கு வண்டியில், மாட்டினால் இன்னொன்று.

முதல் மரியாதையை 2017-இல் நாடே பார்த்தது. கேரளத்து நடிகர்கள், நடிகை, மாநிலங்களவை உறுப்பினர் என்று பெரிய மனிதர்களின் சொகுசு கார்கள் நம் ஊர்ச் சந்துகளில் குடியிருப்பதாகப் பதிவேடு சொன்னது. கேரளத்தில் அப்போது இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம் சாலை வரி. இங்கே ஒன்றிரண்டு லட்சத்தோடு கணக்கு முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் அந்த முகவரிகளைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார்கள். திறந்தவர்களுக்கு அந்தப் பிரபலங்களைத் திரையில்தான் பழக்கம். அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி விசாரிக்கச் சொன்னார். கேரளக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. சம்பந்தப்பட்டவர்கள் நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்றார்கள். வண்டியின் சொந்தக்காரர் எங்கே வசிக்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லும். கேட்க வேண்டியவர்களுக்குக் காது வேண்டுமே.

இரண்டாவது மரியாதைக்கு வருவோம். முத்தியால்பேட்டையில் ஒரு பிளம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; சொன்னால் நாளைக்கே யாராவது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பார்கள். இவர் உண்மையாகவே முத்தியால்பேட்டையில் வசிக்கிறவர். தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே அங்கேதான். இதுதான் அவருடைய முதல் குற்றம்.

டி.வி.எஸ். எக்ஸெல்லில் குழாயைக் கட்டி ஓட்டி இடுப்பு ஒடிந்ததும், ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கத் துணிகிறார். புரோக்கர் காட்டும் வண்டி கடலூர்ப் பதிவு, டி.என். 31. “டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்.” குட்டி யானையை எந்த டாக்டர், எந்த ஆபரேஷனுக்கு ஓட்டிப் போனார் என்று கேட்கக் கூடாது, புரோக்கர் மனம் புண்படும். கூட வந்த மெக்கானிக் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, உள்ளங்கையை மேலே பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வார். கையில் புகை வந்து அடித்தால் ரிங், பிஸ்டன் காலி. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாடி மேல் தேய்த்துக்கொண்டே போவார். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கடற்காற்று அடிக்கிற ஊரில் தகரம் எத்தனை நாள் தாங்கும்? கதவின் கீழ்ப் பாதி தகரமாகப் பிறந்து பட்டியாக வாழ்ந்துகொண்டிருக்கும். கடைசியாகச் சீட் பெல்ட்டை அடிவரைக்கும் இழுப்பார். உள்மடிப்பில் காய்ந்த சேறு கோடாகத் தெரிந்தால், எழுந்து நடையைக் கட்டலாம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் இந்த ஊரில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். அன்று முங்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போயின? கழுவி, காயவைத்து, பெயின்ட் அடித்து, ‘டாக்டர் வண்டி’யாகச் சந்தைக்கு வந்தன. ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பர் எழுத இடம் இருக்கிறது, எஞ்சின் நம்பர் எழுத இடம் இருக்கிறது, நிறத்தை எழுதக்கூட இடம் இருக்கிறது. இந்த வண்டி வெள்ளத்தில் முங்கியது என்று எழுத மட்டும் இடமில்லை. வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்று, அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியது வேறொன்று.

விலை படிந்துவிட்டது. இனி பெயர் மாற்றம். கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் அது தமிழ்நாடு; பக்கத்து ஊர் வண்டிக்கு என்.ஓ.சி. வாங்குவதற்குள், ஃபிரான்சுக்கு விசா வந்துவிடும். ஃபைனான்ஸ்காரர் ஆர்.சி.யிலுள்ள கடன் பதிவை, அதாவது எச்.பி.யை, கேன்சல் செய்து தரவில்லை. ஆர்.சி.யில் பெயருள்ளவர், வெற்று ஃபார்ம் 29-இலும் 30-இலும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார்; அந்தக் கையெழுத்து மூன்று கை மாறி வந்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ, விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. எப்போதோ விற்றுவிட்ட வண்டிக்காக இன்றைக்கு வந்து நிற்கிற சம்மனோடு கோர்ட்டு வாசலில் காத்திருக்கும் ஆட்களைப் பார்த்தால், அந்த வெற்று ஃபார்மின் விலை தெரியும். பென்ஸ்காரருக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. அவருக்கு ஏஜென்ட் இருக்கிறார், ஏஜென்டுக்கு முகவரி இருக்கிறது, முகவரிக்கு மட்டும்தான் ஆள் கிடையாது.

அடுத்து எஃப்.சி. சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆனபின் வருடா வருடம் தகுதிச் சோதனை. சோதனை வேண்டாம் என்று புத்தியுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். பிரேக் பிடிக்காத வண்டி ஆளைக் கொல்லும். ஆனால் எஃப்.சி.க்கு முந்தைய வாரம் எந்தப் பட்டறையிலாவது போய் நின்று பாருங்கள். பிரேக் ட்ரம்மைக் கழற்றுகிறவர் ஒருத்தர், பெயின்ட் அடிக்கிறவர்கள் நாலு பேர். சிவப்பு, வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒட்டியாகிறது, பக்கவாட்டில் வெற்று எடையும் மொத்த எடையும் ஆர்ட்டிஸ்ட் கையால் அழகாக எழுதியாகிறது, நல்ல டயர் நாலு இரவலுக்கு வந்து மாட்டியாகிறது. எஃப்.சி. முடிந்த சாயங்காலமே டயர்கள் அடுத்த வண்டிக்குப் போய்விடும். வழுக்கை டயர் வீட்டுக்குத் திரும்பும். பெண் பார்க்க வரும் அன்றைக்குப் பக்கத்து வீட்டு நகையை வாங்கி மாட்டுகிற கதைதான். வண்டி சான்றிதழ் வாங்குகிறது, பிரேக் பழையபடி தரையைத் தொடுகிறது. காகிதம் மட்டும் ஆரோக்கியமாக இருக்கிறது.

அந்தக் காகிதம் ஒரு நாள் தப்பினால், நாளொன்றுக்கு 50 ரூபாய். பிளம்பர் காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான். வண்டி ஓடியதா, வாசலில் நின்றதா என்று கேள்வி கிடையாது. டாடா ஏஸ் முதன்முதலில் சந்தைக்கு வந்தது 2005 மே மாதம். முதல் குட்டி யானைகளுக்கு 20 வயது நிறைந்த அதே 2025-இல், நவம்பரில், 20 வயதைத் தாண்டிய இலகு ரக வண்டியின் தகுதிச் சோதனைக் கட்டணத்தை மத்திய அரசு 15,000 ரூபாய் ஆக்கியது. பிறந்தநாள் பரிசு. பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கிக்கொள் என்பது இதன் பொருள். எதை வைத்து வாங்குவது என்பது கட்டண அட்டவணையில் இல்லை.

இன்சூரன்ஸ் பட்டியலை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் இது. 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார், விலை ஒரு கோடியாக இருந்தாலும் வருடத்துக்கு 7,897 ரூபாய். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி, வாடகைக்கு ஓடினால் 16,049. சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் வண்டி என்றாலும் 8,510. ஒன்றரை டன் எடையுள்ள குட்டி யானையும் ஏழரை டன் லாரியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சரக்கு வண்டி நிறைய ஓடுகிறது, விபத்தும் நிறைய, ஆகவே பிரீமியமும் அதிகம் என்று கணக்கு நிபுணர்கள் விளக்குவார்கள். விளக்கட்டும். லட்சத்துச் சொச்சம்கூடத் தேறாத வண்டி, வாடகைக்கு ஓடினால் கோடி ரூபாய் காரைப்போல இரண்டு மடங்கு கட்டுகிறது என்பது எந்த விளக்கத்தாலும் குறையப் போவதில்லை.

ஜி.எஸ்.டி.யும் சும்மா இருக்கவில்லை. பழைய வண்டி வியாபாரியின் லாபத்தின்மீது சின்ன வண்டிக்கு 12, பெரிய காருக்கு 18 சதவீதம் என்று இருந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய கவுன்சில், இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு மனம் வெதும்பி, எல்லாருக்கும் 18 என்று சமத்துவம் செய்துவிட்டது. பெரியதைக் குறைத்தும் சமத்துவம் செய்யலாமே என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பாப்கார்னில் உப்புப் போட்டதற்கு எத்தனை சதவீதம், சர்க்கரைப் பாகு ஊற்றியதற்கு எத்தனை சதவீதம் என்று அதே கூட்டத்தில்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் கட்டி முடித்து, பி.ஒய். நம்பரும் வாங்கி, ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்புகிறார். காலாப்பட்டில், மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. முத்தியால்பேட்டை புதுச்சேரி. காலாப்பட்டும் புதுச்சேரி. நடுவில் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுத் துண்டு துண்டாகப் பங்கு பிரித்த மண் இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சோதனைச் சாவடிக் கட்டை மட்டும் இறங்கவே இல்லை.

“எங்கப்பா போற?”

“காலாப்பட்டு சார்.”

“வண்டில என்ன?”

“பைப்பு, எல்போ, டீ...”

“டீயா? பாட்டில் எத்தனை?”

டூல்ஸ் பெட்டி கவிழ்கிறது. டெஃப்லான் டேப்பும் ரென்ச்சும் ரோட்டில் உருள்கின்றன. சாராயக் கடத்தல் நடக்கிறது, குட்டி யானையிலும் நடக்கிறது. சோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலைக்கு லைசென்ஸ் வாங்கியவரும் கடையை எடுத்தவரும் குட்டி யானையிலா போகிறார்கள்? அவர்கள் கார் வரும்போது கட்டை தானாக எழுந்து நிற்கிறது. 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு சொல்கிறது. இதைச் சாவடியில் நின்று சொல்லிப் பாருங்கள். வக்கீலா நீ என்ற ஒரு கேள்வியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தள்ளுபடி ஆகிவிடும்.

சரி, வண்டியை மேம்படுத்துவோம் என்று நினைக்கிறார். பின்னால் சாமான் அடுக்க இரும்பு ஷெல்ஃப், மேலே குழாய் வைக்க ஒரு ராக். வெல்டிங் கடையில் அரை நாள் வேலை. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ராக் இல்லாமல் குழாயை எப்படிக் கொண்டுபோவது? பி.வி.சி. குழாயின் நீளம் 20 அடி. குட்டி யானையின் தொட்டி நீளம் ஏழு அடிக்குச் சற்று மேல். சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. நீட்டிய கம்பி குத்திச் செத்தவர்கள் உண்டு. ஆகவே விதி தவறில்லை. அப்படியென்றால் ஏழு அடிக் குழாய் விற்கச் சொல்லுங்கள். அல்லது முறையான ராக்குக்கு ஓர் அளவு போட்டு, இதற்கு அனுமதி உண்டு என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டும் இல்லை. ஆக, சட்டத்தை மீறாமல் புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டுமானால், ஒன்று குழாயை மூன்றாக வெட்ட வேண்டும், அல்லது லாரி பிடிக்க வேண்டும். மேஸ்திரியும் எலக்ட்ரிஷியனும் ஏ.சி. மெக்கானிக்கும் இப்படியே தினமும் குற்றவாளியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். நம் வீட்டில் குழாய் ஒழுகும்போது, “ஏம்பா, இன்னும் வரல?” என்று போனில் கத்துகிற நாமும் இந்தக் குற்றத்துக்கு உடந்தைதான்.

குட்டி யானைக்கும் ஒரு ராஜயோகம் உண்டு. தேர்தல் வந்தால் அதே வண்டி வாடகைக்குப் போகும். பின்னால் பலகை அடித்து மேடை, மேடையைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி, நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர், மூலையில் ஜெனரேட்டர், முன்னால் தலைவரின் ஆளுயரப் படம். மாற்றம் ஒன்றுக்கு 5,000 என்று கூட்டினால் வேட்பாளர் டெபாசிட்டைவிட அதிகமாகிவிடும். ஆனால் அந்த வாரம் 52-ஆம் பிரிவுக்கு லீவு. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது குழாயாக இல்லாமல் கொடிக்கம்பாக இருந்தால், சாவடியில் சல்யூட் விழும். கும்பிட்டபடி நின்றுகொண்டு, உழைக்கும் மக்களின் வண்டி இது என்று வேட்பாளர் தொண்டை கிழியப் பேசுவார். அவர் பேசுகிற மேடைக்கு அடியில் இருக்கிற பிரேக், இரவல் டயரோடு எஃப்.சி. வாங்கிய பிரேக் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த முறை அந்த வண்டி உங்கள் தெருவுக்குள் நுழையும்போது கையைக் காட்டி நிறுத்துங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, எஃப்.சி. என்றைக்கு முடிகிறது, மேலே அடித்த பலகைக்கு யார் அனுமதி கொடுத்தது, ஐயா வீட்டுக் கார் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று வரிசையாகக் கேளுங்கள். பதில் வரட்டும். அதற்கப்புறம் ஓட்டைப் பற்றிப் பேசலாம்.