கடைவரம்புக் கோட்பாடு: கேம் நடுவே கிராபிக்ஸ் கார்டு திக்குவது குறித்து ஓர் ஆய்வு

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் திக்கி நின்று மறுபடி பாய்கிற குறைபாட்டுக்குக் குமரி மாவட்டத்தில் மூன்று விளக்கங்கள் வழக்கில் உள்ளன. கார்டு பழசு என்பது ஒன்று. கார்டு சூடாகிறது என்பது மற்றொன்று. கரண்டு சரியில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: ‘புதுசு வாங்கிப் போட்டிருலாம்.’ நோய் மூன்று, மருந்து ஒன்று என்பது எந்த வைத்திய நூலிலும் இல்லாத முறையாகையால் இப்பொருளை ஒழுங்காக ஆராய வேண்டியதாகிறது. ஆய்வெல்லை பற்றி முதலில் ஒரு சொல். நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் மட்டுமே, கல்குளமும் விளவங்கோடும் அதில் அடங்கா என்று வாதிடும் தூய்மைவாதிகள் உண்டு. அவர்கள் வாதம் வரலாற்றின்படி சரியே. ஆனால் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகத் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டன. மார்த்தாண்டத்துக் கார்டு திக்குவதற்கும் நாகர்கோவில் கார்டு திக்குவதற்கும் இலக்கண வேறுபாடு எதுவும் புலப்படவில்லை. ஆகவே இவ்வாய்வு மாவட்டம் முழுமைக்கும் செல்லும். பையன்கள் ‘லேக் அடிக்கி’ என்று சொல்வதில் இணைய வேகக் குறைவும் கலந்திருக்கும். அது வேறு பிணி, இங்கு அதற்கு இடமில்லை. இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே: திக்கல் கார்டின் வலுக்குறைவால் வருவதன்று, படங்கள் வந்து சேரும் முறை பிறழ்வதால் வருவது.

திரையின் மூலையில் எஃப்.பி.எஸ். 60, அதாவது நொடிக்கு 60 படம், என்று எண் காட்டுகிறதே, பிறகு எப்படித் திக்கும் என்று கேட்பார் உளர். அந்த எண் சராசரி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு நொடியில் 59 படங்கள் தலைக்குப் பத்து மில்லிசெகண்டில் வந்துவிடுகின்றன என்று கொள்வோம். 590 ஆயிற்று. அறுபதாவது படம் மட்டும் 410 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் சரியாக ஒரு நொடி, சரியாக 60 படம். எண் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆட்டக்காரரின் தலை அந்த 410க்குள் உருண்டுவிட்டது. இந்த உண்மையை உலகுக்கு உரைத்தவர் ஸ்காட் வாசன். ‘தி டெக் ரிப்போர்ட்’ இணையதளத்தில் 2011ஆம் ஆண்டு அவர் ஒரு நொடியைப் பிளந்து உள்ளே பார்த்தார். ஒவ்வொரு படமும் எடுத்துக்கொள்ளும் காலத்தைத் தனித்தனியே அளந்து வரைந்தார். அதுவரை கார்டுகளைச் சராசரியால் தரம் பிரித்துக்கொண்டிருந்த தொழில் உலகம் அதன்பின் தன் அளவுகோலை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. மாவட்டத்துக் கடைகளுக்கு அச்செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது வேறு.

இங்கே கால அளவு பற்றிச் சிறிது நின்று ஆராய்தல் தகும். அதற்கு உரிமையுள்ள மண் இது. தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் என்பது அந்நூலின் பாயிரம் தரும் செய்தி. அந்த அதங்கோடு இம்மாவட்டத்து ஊரே என்று இங்குள்ளோர் உறுதியாகக் கொள்வர். மறுத்துப் பேசிவிட்டு ஊர் திரும்புவது கடினம். கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியர் வகுத்த அளவு. இமைப்புக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை ஆகும் என்பது இக்கால உடலியல். மேற்சொன்ன 410 மில்லிசெகண்டுத் திக்கல் ஏறக்குறைய முழு மாத்திரை. கம்ப்யூட்டர் கண்ணை இமைத்துவிட்டது என்று ஆட்டக்காரர் உணர்வதற்கு இலக்கண ஆதாரம் இருக்கிறது. இன்னும் நுணுகிப் பார்த்தால், தமிழ் எழுத்தொலிகளுள் மிகக் குறுகியவற்றில் ஒன்று மகரக்குறுக்கம். அதற்குக் கால் மாத்திரை. மிக விரைவான இமைப்பைக் கொண்டு கணக்கிட்டால் 25 மில்லிசெகண்டு வரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்குரிய நேரமோ 16.7 மில்லிசெகண்டுதான். மகரக்குறுக்கத்தினும் குறுகிய ஒன்றை நொடிக்கு அறுபது முறை பிசகாமல் உச்சரிக்கும்படி ஒரு கருவியைப் பணித்திருக்கிறோம். அது திக்குவது வியப்பன்று. திக்காமல் இருப்பதே ஆய்வுக்குரியது.

இனிக் கோட்பாட்டுக்கு வருவோம். கோதையாற்றுப் பாசனத்தை அறிந்தவருக்கு இதை விளக்க அதிகம் வேண்டாம். பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. இன்று எத்தனை அடி என்பது நாள்தோறும் பத்திரிகையில் வருகிறது. ஆனால் தோவாளைச் சானலின் கடைவரம்புக்கு, அதாவது கடைசி வயலுக்கு, நேற்றுத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. அணை நிரம்பி வழியும் ஆண்டிலும் கடைவரம்பில் கன்னிப்பூ நாற்று வாடுவதுண்டு. காரணம் நீர்க்குறைவன்று, நடுவே ஷட்டர், ஆகாயத்தாமரை, முறை மீறித் திறந்த மடை. கார்டின் அட்டைப்பெட்டியும் அணை மட்டத்தைத்தான் அச்சிடுகிறது: இத்தனை ஜிபி, இத்தனை மெகாஹெர்ட்ஸ். ஒரு படம் செய்வதற்கான சரக்கு டிஸ்க்கிலிருந்து மெமரிக்கும், பிராசசரின் கட்டளையோடு மதர்போர்டின் பாதை வழியே கார்டுக்கும், அங்கிருந்து கேபிள் வழியே மானிட்டருக்கும் வருகிறது. மானிட்டர்தான் கடைவரம்பு. இடையில் எங்கு அடைத்தாலும் வாடுவது அங்கேதான். கார்டு அணையாகத் தோன்றினும் உண்மையில் பாதையின் நடுவே இருக்கும் ஒரு குளமே.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டைக் காண்க. அதன் சொந்த மெமரி 4 ஜிபி. அதனோடு அது நொடிக்கு 144 ஜிபி வேகத்தில் கொடுக்கல் வாங்கல் செய்யும். ஆனால் மதர்போர்டோடு பேச அதற்குக் கொடுத்த பாதைகள் நான்கே. புதிய நான்காம் தலைமுறை போர்டில் அவை நொடிக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவும், பழைய மூன்றாம் தலைமுறை போர்டில் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவும் கடத்தும். கேமின் சரக்கு 4 ஜிபிக்குள் அடங்கும்வரை தொல்லையில்லை. அடங்காத நொடியில் மிச்சத்தை மெமரியிலிருந்து அந்த ஒடுங்கிய பாதை வழியே இழுக்க வேண்டும். 144 எங்கே, 4 எங்கே? மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகிறது என்பது பெருமைதான். ஆனால் தொட்டியின் அகலத்துக்குமேல் ஒரு வாளி கூட அதில் போகாது. பட்ஜெட் கருதி அந்தக் கார்டை வாங்கிப் பழைய போர்டில் செருகியவரே அதிகம் திக்கினார். கேமின் டெக்ஸ்சர் தரத்தை ‘அல்ட்ரா’விலிருந்து ‘மீடியம்’ ஆக்கினால் அதே கார்டு சீராக ஓடியது. கார்டு பழசு என்னும் முதல் மதம் இத்துடன் வீழ்ந்தது; ஏனெனில் அது அன்றைக்குப் பெட்டி பிரித்த கார்டு.

விலை குறைந்த கார்டைக் காட்டி வாதிட்டால் போதுமா, உயர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்பர் மாற்றார். எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் ‘எல்டன் ரிங்’ வெளியானது. லட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோன கார்டுகளிலும் அது திக்கியது. அதே மாதம் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கைக்கருவியை விற்பனைக்கு விட்டது. வலுவில் அக்கார்டுகளுக்குக் கிட்டவும் வராத கருவி. அதில் அந்த கேம் பெரிய கம்ப்யூட்டரைக் காட்டிலும் திக்கல் குறைந்து ஓடியது. காரணம் இரண்டு. ஒளி, நிழல், புகை முதலியவற்றை வரையும் ஷேடர் எனும் சிறு நிரல்களைக் கார்டுக்கேற்ற மொழியில் ஆக்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் அது பலவேளை சண்டை நடுவிலேயே நடக்கும், படம் காத்து நிற்கும். ஸ்டீம் டெக் எல்லாம் ஒரே வகைக் கருவியாதலால் ஆக்கி முடித்த ஷேடர்களை வால்வ் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. இரண்டாவது, அந்த கேம் சில இடங்களில் ஆயிரக்கணக்கான சிறு தேவைகளை ஒரே நேரத்தில் கேட்டு மெமரி நிர்வாகத்தைத் திணறடித்தது. அவற்றைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும்படி வால்வ் தன் மென்பொருளைத் திருத்தியது. வலு கூடவில்லை, முறை சீரானது, திக்கல் குறைந்தது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திக்கலுக்கு மருந்தாக டிரைவரை அப்டேட் செய்வோர் பலர். புது டிரைவர் வந்ததும் பழைய ஷேடர் சேமிப்பு செல்லாததாகி, எல்லாம் புதிதாக ஆகவேண்டும். மருந்து சாப்பிட்ட முதல் நாளில் நோய் கூடினால் மருந்தைக் குறை சொல்லாதீர். இரண்டாம் முறை அதே இடத்துக்குப் போய்ப் பாரும். அங்கே திக்கவில்லை என்றால் அது ஷேடர் திக்கல்.

வெப்ப மதத்தாரை மரியாதையோடு அணுக வேண்டும். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பல என்விடியா கார்டுகள் 83 டிகிரி செல்சியஸ் அளவில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஹீட்சிங்கில் சேரும் தூசு உப்பும் ஈரமும் சேர்ந்து மாவாகிவிடுகிறது; அதை ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும். ஆயினும் வெப்பத்துக்குத் தனி நடை உண்டு. கேம் தொடங்கிய உடனே அது வராது. கார்டு சூடேறியபின் வரும், வந்தால் வேகம் இறங்கி இறங்கியே நிற்கும். முதல் நிமிடத்திலேயே வெட்டி வெட்டி வருவதை வெப்பத்தின் தலையில் கட்டுவது நீதியன்று. கார்டைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகும் கடைமுறை பற்றியும் கேட்கக்கூடும். உப்புக்காற்றில் கறுத்த பற்களுக்கு அது பலன் தருகிறது. ரப்பர் பால்வெட்டையே தொழிலாகக் கொண்ட மாவட்டத்தில் அம்முறை செழித்ததில் புதுமையும் இல்லை.

மூன்றாம் மதம் சற்றுக் கவித்துவமானது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஏறி இறங்குகிறது, முப்பந்தல் காற்றாலைகள் அதற்கேற்பச் சுற்றுகின்றன, ஆகவே மின்சாரமும் ஏறி இறங்குகிறது, ஆகவே படம் திக்குகிறது என்பது அதன் வாதம். அற்றன்று. நல்ல பவர் சப்ளை 100 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே 12 வோல்ட்டாக்கியே கார்டுக்குக் கொடுக்கும். கொடுக்க முடியாத அளவுக்குப் போனால் கம்ப்யூட்டர் திக்காது, அணைந்துவிடும். அல்லது தானே மறுபடி தொடங்கும். அணைந்தால் பவர் சப்ளையையும் யூ.பி.எஸ்.ஸையும் பாருங்கள். அணையாமல் திக்கினால் ஆடிக்காற்றை விட்டுவிடுங்கள், அது பாவம், வேறு வேலையாகப் போகிறது.

பரிகாரம் பற்றி என் துணிபு பலருக்கு உவப்பாக இராது. படம் ஒவ்வொன்றின் காலத்தையும் கோடாக வரையும் இலவச மென்பொருள் உண்டு. முதலில் அதைப் போட்டு, கோடு எங்கே முள்ளாக எழுகிறது என்று பார்க்க வேண்டும். அதன்பின் எஃப்.பி.எஸ்.ஸுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். 90க்கும் 50க்குமாக ஊசலாடும் கேமை 50இலேயே கட்டிவிட்டால், திடீரென வரும் சுமையைத் தாங்கக் கார்டுக்கும் பிராசசருக்கும் மூச்சு மிஞ்சும். இத்தனை காசு போட்டு வாங்கியதைக் கட்டிவைக்கவா என்று கேட்கிறார்கள். தலைமடைக்காரரும் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது இதையேதான் கேட்கிறார். 60 ஹெர்ட்ஸ் திரையில், திரையின் முறைக்குக் காத்தே படத்தை ஏற்றும் வி-சிங்க் போட்டிருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு துளி பிந்தினாலும் படம் அடுத்த முறைக்குத்தான் ஏறும், அதாவது 33.3. கார்டு பிந்தினால் திரையே காத்திருக்கட்டும் என்று 2013இல் என்விடியா ஜி-சிங்க்கையும், 2015இல் ஏ.எம்.டி. ஃபிரீசிங்க்கையும் கொண்டுவந்தது இதற்காகவே. புதுக் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அத்தகைய மானிட்டருக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது இக்கட்டுரையின் பொருளாதாரப் பகுதி, அது இவ்வளவே.

எஞ்சியது தேடும் திசை. கடைகளில் தேடல் கார்டில் தொடங்கிக் கார்டிலேயே முடிகிறது. கடைவரம்பிலிருந்து மேலே நடந்துபோவதே முறை: முதலில் மானிட்டர், பிறகு கேபிள், கார்டின் மெமரி நிரம்புகிறதா, கார்டு தன் ஸ்லாட்டில் முழுப் பாதையோடு இருக்கிறதா, ராம் ஒற்றைக் குச்சியா ஜோடியா, கேம் கிடப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கிலா, பின்னணியில் விண்டோஸ் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கிறதா. இவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று சலித்துக்கொள்வோர் உண்டு. பெரும்பாலும் வேண்டியதில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி விண்டோஸில் 60இலேயே விட்டுவைத்திருப்பவர் முதல் அடியிலேயே அகப்படுவார். இரண்டாம் அடியில் அகப்படுபவர் அவரினும் சிறந்தவர்: மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டின் பின்புறத்து ஓட்டையில் செருகியிருப்பார். அவருடைய கார்டு அதுவரை திக்கவே இல்லை. படம் வரைந்ததெல்லாம் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ். கார்டு வாங்கிய நாளிலிருந்து சும்மா இருந்திருக்கிறது, பழுதானதாகப் பெயரெடுத்து, செகண்ட்ஸில் விலைகூடப் பேசப்பட்டிருக்கிறது.