கடைக்காரர் கட்சி

வடமேற்கு லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தான் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குப் போடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. மார்கரெட் தாட்சரே பலசரக்குக் கடைக்காரரின் மகள்தானே. கட்சிக் கொள்கையும் எளிது: வரவுக்குள் செலவு செய், சொன்ன சொல்லைக் காப்பாற்று, அடுத்தவன் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே. இதை என் அப்பு கட்சி எதிலும் சேராமலே சொல்லித் தந்தவர்.

2019 தேர்தலில், வருமான வரி, தேசியக் காப்புறுதி, வற் மூன்றின் வீதத்தையும் கூட்டமாட்டோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியே தந்தார்கள். 2022 ஏப்ரலில் தேசியக் காப்புறுதி ஏறியது. நவம்பரில் இறங்கியது. ஏற்றியதும் இறக்கியதும் அதே கட்சி. வருமான வரி வீதத்தை ஏற்றவில்லை, உண்மைதான். வரியில்லாமல் உழைக்கக்கூடிய தொகையை 12,570 பவுணோடு அசையாமல் நிறுத்திவிட்டார்கள். சம்பளம் கூடினால் வரி தானாகக் கூடும். 10 கிலோ அரிசி மூட்டையில் விலையை மாற்றாமல் 9 கிலோவை நான் போட்டால், அடுத்த தெரு அக்கா கடை வாசலிலேயே என் மானத்தை வாங்கிவிடுவா.

இடையில் லிஸ் ட்ரஸ் பிரதமராக வந்தார். மினி பட்ஜெட்டில் வரிக்குறைப்பு என்றதும் உச்சி குளிர்ந்தது. காசுக்கு எங்கே போவது என்று பார்த்தால், கடன்! எங்கள் கடையில் கடன் கொப்பியே கிடையாது. அந்த மினி பட்ஜெட்டோடு மோர்ட்கேஜ் வட்டி எகிறியது. பத்திரிகை ஒன்று ஒரு லெட்டூஸை வாங்கிவைத்து, இதுவா பிரதமரா அதிக நாள் தாங்கும் என்று பந்தயம் கட்டியது. லெட்டூஸ் வென்றது. மரக்கறி விற்பவன் சொல்கிறேன், லெட்டூஸ் அப்படியொன்றும் தாங்கும் சாமானல்ல.

நிகரக் குடிவரவை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் கொண்டுவருவோம் என்றார் முன்னைய பிரதமர் கமரோன். 2023 ஜூனோடு முடிந்த ஆண்டில் அது ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு நட்டமில்லை, வந்தவர்களில் பலருக்குக் கறித்தூள் வேண்டும். ஆனால் சொன்ன கணக்கு என்ன, வந்த கணக்கு என்ன?

உச்சக்கட்டம் 2023 ஒக்டோபரில், மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாட்டில். திட்டமிட்டிருந்த அதிவேக ரயில் மான்செஸ்டருக்கு வராது என்பதை அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டருக்கே போய்ச் சொன்னார். அந்த மண்டபம் ஒருகாலத்தில் ரயில் நிலையம். அதே உரையில், 2009 ஜனவரி 1 முதல் பிறந்த எவருக்கும் ஆயுள் முழுக்க சிகரெட் விற்கக்கூடாது என்று சட்டம் வரும் என்றார். எனக்குப் புகைப்பழக்கம் இல்லை, நல்ல நோக்கம்தான். ஆனால் தனிமனித சுதந்திரக் கட்சி அல்லவா? 2059 இல் என் மகன் கல்லாவில் நின்று, நரைத்த தலையோடு வரும் 50 வயதுக்காரரிடம் அடையாள அட்டை கேட்க வேண்டும். கூட வந்த 51 வயது அண்ணனுக்குக் கொடுக்கலாம்.

மனைவி தொழிற்கட்சிக்காரி. "இஞ்சேருங்கோ, உங்கட ஆக்கள் எங்கட ஆக்களை விடக் கூட வரி எடுக்கினம். இனி என்ன, பேசாமல் இஞ்சால வாங்கோவன்" என்றா. பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

2024 ஜூலையில் கட்சிக்கு 121 ஆசனங்கள்தான் மிஞ்சின. இப்போது கொள்கைகளைப் புதுப்பிக்கிறார்களாம். நீல றோசெற் குத்திக்கொண்டு வாக்குக் கேட்டு வரும் தம்பிமாருக்கு ஒரு விண்ணப்பம்: புதுப் பிரசுரம் அச்சடித்துக் காசை வீணாக்காதீர்கள். 2019 விஞ்ஞாபனம் என் கல்லாவுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. வந்து ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். தேத்தண்ணி நான் தருகிறேன்.