ரண்டாம் தொகுதிக்கு ஒரு சுகமான பாடம்

இரும் மருமோன், இரும். தேத்தண்ணி வரும். படிவத்தை மடிச்சுச் சட்டைப்பையிலை வச்சுக்கொண்டு ஏன் தவிக்கிறீர்? பிள்ளை பத்தாம் ஆண்டுக்கு வாறாள். ஓ.எல்லுக்கு ஒன்பது பாடம். கட்டாயப் பாடம் ஆறு போக மிச்சம் மூண்டையும் தொகுதிக்கு ஒண்டாய் எடுக்கவேணும். முதலாம் தொகுதியிலை வர்த்தகம் போடுறதோ, மூண்டாம் தொகுதியிலை ஐ.சி.ரி போடுறதோ எண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்க வரேல்லை. ரண்டாம் தொகுதிக்குத்தான் இந்தக் கிழவன்ரை ஞாபகம் வந்திருக்கு. நடனத்துக்கு விடுவமோ, சித்திரத்துக்கு விடுவமோ எண்டு.

நடனத்துக்கு விடும் காணும். சுகமான பாடம். உங்கடை ஒழுங்கையிலை ரியூசன் நடத்துற மாஸ்ரரும் அப்பிடித்தானே சொன்னவர், கண்ணை மூடிக்கொண்டு ஏ எடுக்கலாமெண்டு? அவர் பௌதிகம் படிப்பிக்கிறவர். அவருக்குத் தெரியாததே!

எவ்வளவு சுகம் எண்டு வேணுமெண்டால் ஒருக்காச் செய்து பாரும். அரைமண்டி எண்டு ஒண்டு இருக்கு. முழங்கால் ரண்டையும் வெளிப்பக்கம் விரிச்சு, முதுகை நிமித்தி, பாதி இருக்கிறது. அப்பிடி இருந்துகொண்டு காலமைப் பேப்பரிலை மரண அறிவித்தல் பக்கத்தை வாசியும். தகனக்கிரியை எத்தினை மணிக்கு எண்ட வரிக்கு வரமுந்தி, உம்மடை அறிவித்தலுக்குப் போட எங்களுக்கு ஒரு நல்ல படம் தேடவேண்டி வரும். பிள்ளை அந்த இருப்பிலைதான் தட்டடவு, நாட்டடவு எண்டு ஒவ்வொண்டையும் மூண்டு காலத்திலை செய்யவேணும். முதலாம் காலத்தைப்போல ரண்டு மடங்கு ரண்டாம் காலம், நாலு மடங்கு மூண்டாம் காலம். ரீச்சற்றை தட்டுக்கழி அதே வேகத்திலைதான் தட்டும். கூட்டவேண்டியது பிள்ளையின்ரை கால்.

கணக்கிலை அவள் கொஞ்சம் பின்னுக்கு, அதுதான் நடனம் எண்டு உம்மடை மனிசி சொன்னவவாம். நல்ல யோசினை. இந்தப் பாடத்திலை கணக்கே இல்லை. ஏழு தாளம், அஞ்சு ஜாதி, பெருக்கினால் 35 தாளம், அவ்வளவுதான். திஸ்ரத்துக்கு மூண்டு, சதுஸ்ரத்துக்கு நாலு, கண்டத்துக்கு அஞ்சு, மிஸ்ரத்துக்கு ஏழு, சங்கீர்ணத்துக்கு ஒன்பது. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை வச்சால் 32. அதுக்குள்ளை கண்டமாய் அஞ்சஞ்சாய்ப் போட்டால் ஆறுதரம் போட்டு ரண்டு மிஞ்சும். அந்த ரண்டை எங்கை ஒளிக்கிறது? ஒளிக்காமல் இழுத்துக்கொண்டு போனால் அஞ்சாவது ஆவர்த்தன முடிவிலை, 160ஆவது மாத்திரையிலைதான் ஒழுங்காய்ச் சமத்துக்கு வந்து சேரும். இதை உம்மடை மோள் கடதாசியும் பென்சிலும் இல்லாமல், காலாலை போட்டுக்கொண்டு, முகத்திலை சிரிப்பும் வச்சிருக்கவேணும். கணக்கு மாஸ்ரரிட்டைக் கேட்டுப் பாரும், அவர் சிரிப்பாரோ எண்டு.

கை வேலையும் சின்னதுதான். அபிநய தர்ப்பணத்தின்படி ஒற்றைக்கை முத்திரை 28. பதாகம் எண்டு முதல் கையை மட்டும் பாரும். மேகத்துக்கும் அதுதான், காட்டுக்கும் அதுதான், ஆத்துக்கும் அதுதான். எதைக் காட்டுறாள் எண்டது கண்ணிலை தெரியவேணும். எதெதுக்குப் பிடிக்கலாமெண்ட சுலோகத்தை வடமொழியிலை பாடமாக்கவும் வேணும். அந்தப் புத்தகத்தை இங்கிலீசிலை பெயர்த்தவர் ஆர் தெரியுமோ? எங்கடை சேர் முத்து குமாரசுவாமியின்ரை மோன் ஆனந்த குமாரசுவாமி. துக்கிராலா கோபாலகிருஷ்ணையாவோடை சேர்ந்து செய்தவர், ஹார்வர்ட் பல்கலைக்கழக அச்சிலை 1917இலை வந்தது. அதுக்குப் பிறகும் கனகாலம் நாங்கள் 'உதுவும் ஒரு படிப்போ' எண்டு வெத்திலை போட்டுக்கொண்டு இருந்தனாங்கள்.

எழுத்துப் பரீட்சைக்கு வரலாறும் வரும். தஞ்சாவூர் நால்வரைக் கேப்பினம்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அலாரிப்பிலை தொடங்கித் தில்லானாவிலை முடியிற அந்த நிரலை ஒழுங்குபடுத்தின அண்ணன் தம்பிமார். 1935இலை ருக்மிணி தேவி அடையாறிலை மேடையேறினது, அடுத்த வருசம் கலாக்ஷேத்திரா பிறந்தது, எல்லாம் வரும். எங்கடை ஊர் வரலாறு மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு நிக்கும். இங்கை முந்தி இந்த ஆட்டத்துக்குப் பேர் சின்னமேளம். கோயிலிலை சின்னமேளம் கூடாதெண்டு நாவலரே கண்டிச்சவர். திருவிழாவிலை சின்னமேளம் வந்தால் பெரியவை முகத்தைச் சுழிப்பினம். சுழிச்சுக்கொண்டு முன்வரிசையிலைதான் இருப்பினம். ஆடின குடும்பங்கள் ஆட்டத்தை விட்டுட்டுப் போகவேண்டி வந்தது. பேந்து முகம் சுழிச்சவையின்ரை பேத்திமார் மண்டபம் எடுத்து, பக்கவாத்தியம் பிடிச்சு, லண்டன் மாமன்ரை காசிலை அரங்கேற்றம் செய்யினம். ஆட்டத்தை வச்சுக்கொண்டு ஆடினவையை விட்டுட்டம். இந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது, பயப்பிடாதையும்.

பள்ளிக்கூடத்திலை இந்தப் பாடத்துக்கு இருக்கிற மரியாதையும் சொல்லவேணும். பௌதிகம் படிக்கிற பெடியனைக் கூப்பிட்டு, 'நாளைக்குப் பணிப்பாளர் வாறார், அவருக்கு முன்னாலை நியூட்டன்ரை விதியைச் சொல்லிக்காட்டு' எண்டு எந்த அதிபராவது கேட்டவரோ? நடனப் பிள்ளையளுக்கு அது மாசம் ஒருக்கா வரும். பரிசளிப்புக்கு வரவேற்பு நடனம், விளையாட்டுப் போட்டிக்குக் கும்மி, அரசியல்வாதி கட்டிடம் திறக்கக் கோலாட்டம். பிரதம விருந்தினர் ரண்டு மணித்தியாலம் பிந்தி வருவார். பிள்ளையள் பூச்சுக் கரைய வெயிலிலை நிக்குங்கள். படிப்பிக்கிற இடமெண்டு பாத்தால் வாங்கு மேசையை ஒதுக்கின ஒரு சீமெந்து நிலம். தட்டடவு தொடங்கினால் பக்கத்து வகுப்பிலை இரசாயனம் குழம்புதெண்டு முறைப்பாடு. அந்த ரீச்சர் ஒருத்திதான் நட்டுவாங்கமும் செய்து, பாட்டும் பாடி, பின்னல் முடிஞ்சு, சலங்கையும் கட்டிவிடவேணும்.

அதுசரி, உம்மடை மூத்த பெடியனும் ரண்டாம் தொகுதிக்கு ஏதோ எடுத்தவன்தானே? சித்திரமோ? ஓமோம், ஆம்பிளைப் பிள்ளை ஆடப்படாது. தஞ்சாவூர் நால்வரும் ஆம்பிளையள். எங்கடை கோயில் வீதியிலை காத்தவராயன் கூத்திலை ஆரியமாலையாய் வந்தவர் உம்மடை பெரியப்பர். மீசையை வழிச்சுப்போட்டு வந்த மனிசனைப் பாத்துப் பொம்பிளையள் சீலைக் கட்டுப் பழகினவை. பேராதனையிலை வித்தியானந்தன் வாத்தியார் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏத்தினபோது, இராவணேசனிலை இராவணனாய் ஆடின மௌனகுரு பேந்து பேராசிரியரானவர். ஆடினதாலை அவருக்கு ஒண்டும் குறையேல்லை. உம்மடை பெடியனுக்கு மட்டும் என்னவோ குறைஞ்சுபோகும்.

இனிக் கடைசிக் கேள்விக்கு வாறன், உம்மடை வாயிலை வாறதுக்கு முன்னம். ஓ.எல் முடிய என்ன செய்யப் போறீர்? ஏ வந்தவுடனை சலங்கையைப் பரணிலை போட்டுட்டு உயிரியலுக்கு விடப் போறீர், அதுதானே? கலைப்பிரிவிலை ஏ.எல்லுக்கும் நடனம் இருக்கு. அதுக்கு மேலை மருதனார்மடத்திலை இராமநாதன் நுண்கலை இருக்கு, மட்டக்களப்பிலை விபுலானந்தர் பேரிலை நிறுவகம் இருக்கு. வட இலங்கைச் சங்கீத சபை 1931இலை தொடங்கினது. அதின்ரை சோதினையளைத் தரம் தரமாய்த் தாண்டிப் போனால் கலாவித்தகர் பட்டம். வழி இல்லாமல் இல்லை. டொக்குத்தர் மாப்பிளை கிடைக்காது எண்ட பயம்தான் இருக்கு.

ஆறாம் ஆண்டு தொடக்கம் பதினோராம் ஆண்டு மட்டும் காலைத் தேய்ச்சு, பதினாறு வயசிலை 'காணும், இனி விடு' எண்டு சொல்லுறதெண்டால் இப்பவே சொல்லிப்போடும். சித்திரத்துக்கு விடும், வர்ணக் காசு மட்டும்தான் செலவு. சுகமெண்டு நினைச்சு விடுறதெண்டாலும் விடாதையும். அவளுக்கு விருப்பமோ எண்டு கேட்டனீரோ? அந்தா, கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் நிக்கிறாள். நான் கேட்டுப்போட்டன், அவள் பதில் சொல்லியும் போட்டாள்.

படிவத்தை எடும், பேனை இந்தா. அவளுக்கு நடனம் எண்டு எழுதும். எட்டாம் ஆண்டிலை படிக்கிற சின்னவனும் நேற்று என்னட்டை வந்து ரகசியமாய் ஏதோ கேட்டவன். அடுத்த முறை அவன்ரை படிவத்தைக் கொண்டு வரேக்கை உம்மடை மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும்.