ஹோம்ஸ்டே நடத்தப் போறியா மக்கா?

ரொம்ப நல்ல யோசனை மக்கா. பெங்களூர்ல ஏசிக்குள்ள இருந்துகிட்டு ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கினதெல்லாம் ஒரு பொழப்பா? திருவட்டாறுக்கு வந்து, முன்னப்பின்ன தெரியாதவன் படுத்து எந்திரிச்ச விரிப்பை அலசிக் காயப்போடுறதில்லியா பொழப்பு! நீ ஆரம்பி. பாட்டா குறுக்க நிக்கமாட்டேன். நாலு வார்த்தை சொல்லுவேன், கேக்கணும்னு கட்டாயமில்ல. இதுவரை நீ எதைக் கேட்டே?

மொதல்ல போர்டு வச்சிரு. போர்டு வச்சாலே தொழில் முக்காவாசி நடந்த மாதிரிதான். ‘பாரம்பரிய இல்லம்’னு எழுது. ஓட்டுக்கூரை பாரம்பரியம், மர மச்சு பாரம்பரியம், மேற்கு மூலையில மழைக்கு ஒழுகுதே, அதுவும் பாரம்பரியந்தான். எனக்க அப்பன் காலத்திலயே ஒழுகினதாக்கும். அதுக்குக் கீழ வைக்கிற உருளியை போட்டோ பிடிச்சுப் போடு. அலங்காரத்துக்கு வச்சதுன்னு நெனச்சு சந்தோஷப்படுவாவ.

ஆளு வருமான்னு பயப்படாத. ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குக் கெடக்காரு, மூணு வாசல் வழியா எட்டிப் பாத்தாத்தான் முழுசாத் தெரியும். 2022 ஜூலை 6ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்துதே, அது எத்தன வருஷம் கழிச்சு? 418 வருஷம். அவ்வளவு காலம் சாமி பொறுத்துக் கெடந்த ஊரில, நீ ஆறு மாசத்தில போட்ட மொதலை எடுத்துருவேங்க. நடக்கட்டும்.

மலைநாட்டுத் திருப்பதின்னு சொல்லுற 13 கோயில்ல தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நம்ம ஊரு, இன்னொண்ணு திருப்பதிசாரம். 108 திவ்யதேசமும் சுத்துறவிய இங்க வராமப் போகமுடியாது. அவியளுக்கு உள்ளித்தீயல் வச்சு நீட்டிராத. உள்ளியும் பூண்டும் ஆகாது. பாவக்காய் தீயல் வையி. சில பேரு நம்ம வீட்டில சோறே தின்னமாட்டாவ. ஏன்னு கேட்டுச் சங்கடப்படுத்தாத, அந்தக் காரணத்தையெல்லாம் நாங்க அந்தக் காலத்திலயே பாத்தாச்சு. சிரிச்ச மொகமா ரெண்டு மட்டிப்பழம் எடுத்துக் குடு. தோல் உரிச்சுத் தின்னுற பழத்துக்குத் தீட்டு கெடையாது. போதாத்துக்கு 2023ல மட்டிக்கு புவிசார் குறியீடு வேற கெடச்சிருக்கு. கைப்பிள்ளைக்கு மொதமொதல்ல மசிச்சுக் குடுக்கிற பழத்துக்கும் இப்ப சர்டிபிகேட்டு.

இன்னொரு கூட்டம் உண்டு. ஜெயமோகன் எழுதின ‘விஷ்ணுபுரம்’ படிச்சிட்டு, வானத்தை முட்டுற கோபுரத்தைத் தேடிக்கிட்டு வாற பையன்மாரு. இங்க வந்து ஓடு வேஞ்ச வாசலைப் பாத்ததும் கொஞ்ச நேரம் மொகம் வாடும். அப்புறம் உள்ள போயி தூணைத் தடவிப் பாத்துட்டு, பேச ஆளு தேடுவாவ. சாப்பாடு ஒரு பொருட்டே இல்ல. பேச்சுத்தொணைக்கு நான் இருக்கேன், அதுக்குக் கட்டணம் தனி.

மிச்சமுள்ளது சனி ஞாயிறு குடும்பம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில ஏறி, 115 அடி உயரத்தில நின்னு கீழ பரளியாத்தைப் பாத்து அலறிட்டு, திற்பரப்பில போயி நனைஞ்சிட்டு, பசியோட வந்து விழுவாவ. தொட்டிப்பாலம் 1966ல கட்டினது, 28 தூணு, வயலுக்கு வெள்ளம் கொண்டு போறதுக்குக் கட்டினதுன்னு சொல்லிப்பாரு. ‘அப்படியா’ன்னு செல்பி எடுப்பாவ. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கக்கெழம அனுப்பி வைக்காத, பூட்டிக் கெடக்கும். அந்தக் கோவத்துக்கு அரண்மனைக்காரனைத் திட்டமாட்டான், ஒனக்கில்லியா ஒத்தை ஸ்டார் போடுவான்.

அரண்மனைன்னதும் ஒண்ணு தோணுது. ஆளுக்குச் சோறு போடுற தொழிலை நீதான் கண்டுபிடிச்சேன்னு நெனைக்காத. அங்க ஊட்டுப்புரை இருக்கு, போயிப் பாரு. மேலயும் கீழயுமா ரெண்டு தட்டு, ஒரே நேரத்தில 2000 பேரை உக்கார வச்சுச் சோறு போட்ட எடம். ஊறுகாய் போட்டு வச்ச சீனப் பரணியெல்லாம் இன்னும் நிக்குது. அரண்மனைதான் வேண்டாம், மாசி மாசம் சிவராத்திரிக்கு முஞ்சிறையில தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோயிலுக்கும் ஓடுறாவ இல்லியா, கையில விசிறியும் வாயில ‘கோவிந்தா கோபாலா’வுமா? வழிநெடுக முற்றத்தில நின்னு கஞ்சியும் சுக்கு வெள்ளமும் குடுக்கிறவிய ஒருத்தன்கிட்டயும் ஆதார் கேட்டதில்ல.

நீ கேக்கணும். அது வேற விஷயம். வெளிநாட்டுக்காரன் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவன் விவரத்தை ஆன்லைன்ல ஏத்தணும். அதில சோம்பினா, மறுநாள் வீட்டு வாசல்ல வந்து நிக்கிற போலீஸ்காரருக்கும் சேத்து சாயா போடணும். சமைச்சுப் போடுறதுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேணும், எடுத்து வச்சிக்கோ.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். மெனு கார்டு அடிச்சிருக்க, பாத்தேன். லேமினேஷனும் பண்ணியாச்சு. பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், ஃப்ரைடு ரைஸ். பேஷ்! நானூறு மைல் தாண்டி வாறவன் அவன் தெருமுனையில கெடைக்கிறதைத்தான் இங்கயும் தேடுவான், பாவம். அவியலும் எரிசேரியும் வெளிய தெரிஞ்சா நமக்கில்லியா மானக்கேடு!

போன மாசம் ஒனக்க கூட்டாளி ஒருத்தன் குடும்பத்தோட வந்து தங்கினானே, அன்னைக்கு நடந்ததை நீ பாக்கல. நீ டவுனில பனீர் வாங்கப் போயிருந்த. அடுக்களையில எனக்க மருமவ, ஒனக்க அம்மைதான், தீயலுக்குத் தேங்காய் வறுத்துகிட்டிருந்தா. அடி கனத்த சட்டி, துளி தேங்கெண்ணெய், துருவின தேங்காய், ரெண்டு உள்ளி, கறிவேப்பிலை. சட்டுவத்தை விட்டுக் கையை எடுக்கக்கூடாது. வெள்ளை மாறிப் பொன்னாவும், பொன் மாறி காப்பித்தூள் நெறம் வரும். அப்போ மல்லியும் வத்தலும் போட்டு ஒரே பொரட்டு. பிந்திப் போனா கைப்பு, முந்திப் போனா குருமா. அப்புறம் அம்மியில எண்ணெய் கசியிற வரை அரைக்கணும். அந்த வாசம் முற்றம் தாண்டிப் போச்சு. கூட்டாளி பொண்டாட்டியும் பிள்ளைகளும் ரூம்ல இருந்து எறங்கி வந்து, அடுக்களை வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டாவ. சம்பா அரிசிச் சோறும் தீயலும் ரெண்டு பப்படமும். நீ பனீரோட வாறதுக்குள்ள சட்டி வழிச்சாச்சு. அந்தப் பனீரை மறுநாள் நாமதான் தின்னோம். நல்லாத்தான் இருந்துது, சப்புன்னு.

அதனால, ஒனக்கு இஷ்டம்னா, அந்தக் கார்டை அடுப்பு ஊத வச்சிக்கிட்டு, அன்னன்னைக்கு வீட்டில என்னவோ அதையே வந்தவனுக்கும் வையி. மரச்சீனியையும் மீன்கறியையும் ‘கசாவா வித் கோஸ்டல் கறி’ன்னு 350 ரூவாய்க்குப் போட்டிருக்கியே, எங்க அம்மை இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பா. விசாகம் திருநாள் மகாராஜா 1880ல இருந்து 85 வரை ஆண்ட அஞ்சு வருஷத்துக்குள்ள நாடு முழுக்கப் பரப்பின கெழங்கு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சு அங்கேருந்து அரிசி வாறது நின்னு போச்சே, அப்போ திருவிதாங்கூர்ல முக்காவாசி அடுப்பில கெடந்து வெந்தது இதுதான். அரிசிச்சோறு கேட்ட பிள்ளைகளுக்கு அடி விழுந்த காலம். விக்கிறதுன்னா வித்துக்கோ, ஆனா அவிக்கப் படிச்சிட்டு வில்லு. நெறைய வெள்ளம் விட்டு, மூடாம அவிச்சு, அந்த வெள்ளத்தைக் கொட்டிக் களையணும். கெழங்கில கொஞ்சம் விஷம் உண்டு, கொதிச்சுத்தான் போகும். குக்கர்ல அடைச்சு வச்சு விசில் எண்ணுற சமையல் இதுக்கு வேண்டாம்.

மழையைப் பத்தி ஒண்ணும் யோசிக்கலியோன்னு கேட்டேன், ‘மழை நல்ல சீசன் பாட்டா’ன்ன. சரிதான். ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழைன்னு ரெண்டு பருவமும் வந்து கொட்டுற ஜில்லா நம்மது. நீ வாங்கி வச்சிருக்கிறது வெள்ளை வெளேர்னு விரிப்பு. மூணு நாள் கொடியில கெடந்தாலும் காயாது, நாலாம் நாள் பூஞ்சை வாடை வரும். வாற கல்யாணக் கோஷ்டிக்கு ரப்பர் ஷீட்டுப் புகைப்புரையில காயப்போட்டு எடுத்துக் குடு, ‘கிராமத்து மணம்’னு சொல்லிச் சமாளிச்சிரலாம்.

ஒனக்க கணக்கு நோட்டும் கண்ணில பட்டுது. மேசை மேல தெறந்து கெடந்தா நான் என்ன செய்ய? கண்ணு ஆபரேஷனுக்குப் பொறவு எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. பெயிண்டு, மெத்தை, ஏசி, புக்கிங் கம்பெனிக்குக் கமிஷன், படம் பிடிக்க வந்தவனுக்குக் கூலி, அவன் கொண்டுவந்து பறக்கவிட்ட ட்ரோனுக்கு வாடகை. எல்லாம் காலணா பிசகாம எழுதியிருக்க. ‘சமையல்’னு ஒரு வரி. அதுக்கு நேரா ஒரு கோடு. கேட்டா, ‘அதுக்குத்தான் அம்மை இருக்காளே பாட்டா’ங்க.

உள்ளதுதான். ராஜாவுக்கு விவரம் போதாது. ஊட்டுப்புரையில அடுப்புக்கு முன்னால நின்னவனுக்குப் படி அளந்து தொலைச்சாரு. ஒன்னைப் போல ஒரு அம்மையைக் கண்டுபிடிச்சிருந்தா அந்த நெல்லும் மிச்சம். அரை மணி நேரம் மேல பறந்த ட்ரோனுக்கு ரசீது உண்டு, ஒனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முன்ன இருந்தே புகையில நிக்கிறவளுக்குக் கோடு. ஒனக்க வீட்டுக்காரிக்கு அந்தக் கோடும் இல்ல. பகல்ல லேப்டாப்பு, ராத்திரி பிள்ளை, நடுவில வாறவனுக்கு டவல் மாத்தணும், ‘வெல்கம் ட்ரிங்க்’ கலக்கணும். நன்னாரி சர்பத்தில அவ எலுமிச்சை ஒண்ணு கூடப் பிழிஞ்சிட்டான்னு அம்மை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்கு ஜிஎஸ்டி எவ்வளவுன்னு ஒனக்க ஆடிட்டர்கிட்டக் கேளு.

சம்பளம் குடுத்தா லீவு கேப்பாவன்னு நீ பயப்படுறது எனக்குப் புரியுது. குடுக்கலேன்னா கேக்காமலே போயிருவாவ, அதையும் யோசி. எனக்க மருமவ போன பொங்கலுக்கு முட்டுவலின்னு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. நாமெல்லாம் எட்டு நாளும் என்ன தின்னோம்? நல்லவேளை, அப்போ ஒனக்கு விருந்தாளி ஆரும் இல்ல. அப்படி ஒரு எட்டு நாள், ரூம் நெறைஞ்சு கெடக்கையில வந்தா, லேமினேஷன் பண்ணின கார்டைத்தான் வறுத்துப் போடணும்.

நான் சொல்லுறது சின்னக் காரியம். இன்னைக்கு என்ன கறின்னு முடிவு செய்யிறவ அவ. வாற எலைக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை அவ பாஸ்புக்கில போட்டிரு. கையில குடுக்காத. கையில குடுத்தா ஒனக்கே திருப்பிக் கடன் தருவா, நீயும் வாங்கிப்ப. பாத்திரம் தேய்க்கவும் விரிப்பு அலசவும் ஒரு ஆளு போடு. லாபம் கொறையுமேங்காத, அப்படிக் கொறைஞ்சு மிஞ்சுறதுதான் லாபம். தேங்காய் விக்கிற வெலையும் பாத்துக்கோ. நாலு பேருக்கு அவியல், தீயல், ஒரு சக்கைப் பிரதமன் வச்சா எத்தன தேங்காய் ஒடையும்னு அம்மைட்டக் கேட்டுட்டு அப்புறம் சாப்பாட்டுக்கு ரேட்டு போடு. நீ போட்டிருக்கிற ரேட்டில சாறு புழிஞ்ச சக்கையைத்தான் விளம்பலாம்.

‘விருந்தும் மருந்தும் மூணு நாள்’னு சொல்லுவாவ. அது ஓசி விருந்துக்கு. ஒனக்கு பதினோரு மணிக்கு செக்‌அவுட், அதில ஒரு சௌகரியம் உண்டு, இல்லேங்கல.

கடைசியா ஒரு சங்கதி. தெக்குப் பக்கம் ஆத்துக் காத்து வாற ரூமை ‘மூவாற்றுமுகம் சூட்’னு நெட்டில ஏத்தியிருக்கியாம், ஒரு ராத்திரிக்கு 4500 ரூவான்னு. பக்கத்து வீட்டுப் பயல் போன்ல காட்டினான். படத்தில கட்டிலும் சன்னலும் நல்லா விழுந்திருக்கு, மூலையில எனக்க கோளாம்பியும் விழுந்திருக்கு. அது நான் படுக்கிற ரூம் இல்லியா மக்கா? பாட்டாவை ஒனக்க அத்தை வீட்டுக்கு அனுப்பிரலாம்னு ஒரு திட்டம் ஓடுறதும் காதுல விழுந்துது. அனுப்பு. ஆனா நீ மத்திய அரசு சுற்றுலாத் துறையில பதிவு பண்ணப் போறேன்னு சொன்ன திட்டம் இருக்கே, ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரை, 12 கட்டிலுக்கு மேல போகாம, அதில வெள்ளி தங்கம்னு தரம் குடுக்காவ இல்லியா, அதுக்கு மொத நிபந்தனை என்னன்னு படிச்சியா? வீட்டுக்கு ஒடமஸ்தன் குடும்பத்தோட அதே வீட்டில குடியிருக்கணும். பத்திரம் ஆரு பேர்ல கெடக்குன்னு ஒனக்கே தெரியும்.

ஒண்ணும் வெசாரப்படாத. நான் மச்சில ஏறிப் படுத்துக்குவேன். 4500ல பாதி போதும், வெத்தல பாக்கு தனி. பாஸ்புக்கு அலமாரியில மேல் தட்டில இருக்கு.