பட்டுப்போகாத மரங்கள்

கால்கரி,
புரட்டாசி 18

பொன்னமராவதியில் இருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கால்கரியிலிருந்து மகன் எழுதிக்கொள்வது.

கடிதமே ஆனாலும் நூல்நடையில் அமைய வேண்டும் என்பது தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் விதியாதலால், சென்ற வாரம் மேற்கொண்ட மலைப்பயணத்தின் விவரம் அம்முறையிலேயே தரப்படுகிறது.

அங்கு எடுத்து அனுப்பிய படங்களைக் கண்டதும் அம்மா எழுப்பிய வினா, "மரமெல்லாம் பட்டுப்போச்சே, தண்ணி ஊத்த ஆளில்லையா?" என்பதாகும். பொன்னமராவதிப் பக்கம் இலை மஞ்சளித்தால் வேரில் கோளாறு, அல்லது கண்மாயில் நீரில்லை என்று பொருளாதலால் வினா நியாயமானதே. ஆயினும் படத்தில் உள்ளவை லார்ச் என்னும் மரங்கள்; ஊசியிலை மரங்களுள் பெரும்பாலானவை ஆண்டு முழுதும் பசுமையாக நிற்க, இவ்வினமோ குளிர் நெருங்கியதும் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, சத்தை உள்ளிழுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமி அப்போது வெளிப்படுவதால், செப்டம்பர் இறுதியில் மலைச்சரிவு பொன்னிறமாகி, சில நாள்களில் ஊசிகள் உதிர்ந்துவிடுகின்றன. பாடநூலில் மனப்பாடம் செய்த 'இலையுதிர் காலம்' இதுவே. வீட்டு வேம்பு மாசியில் இலையுதிர்த்து அம்மாவின் துடைப்பத்துக்கு வேலை வைப்பதை எந்தப் பாடநூலும் கணக்கில் கொள்ளவில்லை.

அப்பாவின் ஐயம், படத்திலுள்ள ஏரியில் சொட்டு நீலம் கலந்தவர் யார் என்பது. பான்ஃப் தேசியப் பூங்காவில் சுமார் 1,885 மீட்டர் உயரத்தில், பத்துச் சிகரங்கள் சூழக் கிடக்கும் மொரெய்ன் ஏரி அது. கனடாவின் 1969ஆம் ஆண்டு வரிசை 20 டாலர் தாளின் பின்புறத்திலும் இடம்பெற்றது. பனியாறு, அதாவது மலைமேல் இறுகி மெல்ல நகரும் பனிப்பாளம், பாறையை அம்மியில் அரைத்ததுபோல் மாவாக்க, அம்மாவு உருகுநீரோடு வந்து, எளிதில் படியாமல் மிதந்து, நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கிறது. ஊரணியில் செம்மண் கலங்கி நீர் தேநீர் நிறம் கொள்வதும் ஏறத்தாழ இதே கதைதான். ஆனால் ஊரணியின் கலங்கலைக் காண எவரும் முன்பதிவு செய்வதில்லை; இங்கோ 2023 முதல் சொந்தக் காருக்குத் தடை இருப்பதால், இருட்டிலேயே எழுந்து பேருந்தில் வரிசையாகச் சென்று கலங்கலைத் தரிசிக்கின்றனர்.

படமெடுக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, போலரைசர் எனப்படும் கண்ணாடியை லென்சின் முகப்பில் மாட்டி மெல்லத் திருக வேண்டும். ஒரு கோணத்தில் நீர்மேல் மின்னும் பளபளப்பு அடங்கி, அடியிலுள்ள கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். அக்கணத்தில்தான் பேட்டரி உயிரை விட்டது. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும் என்பதால், மாற்றுப் பேட்டரியை அப்பத்தாவின் சுருக்குப்பைபோல் உடம்பை ஒட்டி முடிந்துவைப்பதே முறை. மகனோ அதைக் கட்டுச்சோற்றுப் பையில், குளிர்ந்துபோன புளியோதரைக்கு அருகில் வைத்திருந்தார். அது சூடேறும்வரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற கோலத்தை, நல்லவேளை, படமெடுக்க மற்றொரு கேமரா இல்லை.

இப்பயணத்தில் சென்ற, லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை சுமார் 230 கிலோமீட்டர் நீளும் 93ஆம் எண் நெடுஞ்சாலை முழுதும் மலையும் ஏரியுமே. ஐம்பதாவது சிகரத்துக்குப்பின் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும் என்பதையும், அவற்றில் எதற்கும் பறம்பு எனப்படும் பிரான்மலைக்குப் பாரி இருப்பதுபோல் ஒரு வள்ளல் வாய்த்திருப்பதாகத் தெரியவில்லை என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

அனுப்பிய 212 படங்களில் ஒன்றிலும் மனிதரே இல்லை, இதற்கா இத்தனை செலவு என்னும் வீட்டாரின் குறை ஏற்கப்பட்டது. ஐப்பசி மழையில் ஊரணி நிரம்பியதும் அப்பா ஒரு படம் எடுத்து அனுப்பவும். அதில் அம்மா கரையில் நிற்க வேண்டும்.