லயத்துப் பேரனின் வாடகைக் கணக்கு

தோட்ட லயத்தில் இருந்தவரை தாத்தா வாடகை கொடுத்ததில்லை. பால்மரம் வெட்டுவதை நிறுத்தியதும் வீட்டையும் காலிசெய்யச் சொன்னார்கள். 1960இல் துன் சம்பந்தன், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தையே வாங்குவோம் என்றார். பேரன் இப்போது தனியாகவே கிளம்பிவிட்டான். நீலாயில் அடுத்தடுத்து வீடு எடுத்து, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறைக்கு இரண்டு கட்டில் போட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடுமாம். முதலீட்டுப் பயிலரங்கில் சொன்னார்கள். மூன்றாவது வீட்டுக் கடனுக்கு வங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் தராதே, செமஸ்டர் விடுமுறையில் கட்டில் காலியாகக் கிடக்குமே என்று கேட்டேன். அதற்கு அடுத்த கட்ட வகுப்பு இருக்கிறதாம். கட்டணம் தனி.